ஒட்டிக்கொண்டால் சிதைந்துவிடுமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழில், மண்ணிலும் தண்ணீரிலும் கலந்துவிட்ட நச்சுப்பொருட்களைச் சிதைக்கும் பாக்டீரியாக்களைப் பற்றியும், அவற்றின் நொதிகளோடு நச்சு மூலக்கூறு எப்படிப் பொருந்துகிறது என்று கணினியில் கணக்கிட்டுப் பார்க்கிற வேலையைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். கடிதமும் மின்னஞ்சலுமாக நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, இந்த மாதம் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கும்பகோணத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: நொதியைக் கணினியில் வைத்து மாசை ஒட்டிப் பார்க்கிறார்கள் என்கிறீர்கள். உள்ளே உண்மையில் என்னதான் நடக்கிறது? நான் தாவரவியல் படித்தவன், கணினி அவ்வளவாகப் பழக்கமில்லை.

ஐயா, தொடக்கம் ஒரு எண் பட்டியல்தான். ஒரு புரதத்தைப் படிகமாக்கி, எக்ஸ்-கதிர் பாய்ச்சி, அதில் ஒவ்வொரு அணுவும் எந்த இடத்தில் இருக்கிறது என்று அளந்து, அந்த இடங்களை எண்களாக எழுதிவைக்கிறார்கள். இப்படி அளந்தவற்றைச் சேர்த்துவைக்கும் புரதத் தரவு வங்கி 1971இல் ஏழே ஏழு புரதங்களோடு தொடங்கியது. இன்றைக்கு அதில் இரண்டு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

அதிலிருந்து நமக்கு வேண்டிய பாக்டீரியா நொதியை எடுக்கிறோம். நொதியில் வினை நடக்கும் ஒரு குழி இருக்கும், செயல்தளம் என்பார்கள். அந்தக் குழியைச் சுற்றி ஒரு பெட்டி வரைந்து, "இதற்குள் மட்டும் தேடு" என்று மென்பொருளுக்குச் சொல்கிறோம். மென்பொருள் மாசு மூலக்கூறை அந்தப் பெட்டிக்குள் வைத்துத் திருப்பும், நகர்த்தும், சுழலக்கூடிய பிணைப்புகளைச் சுழற்றும், ஒவ்வொரு நிலையிலும் எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்று ஒரு மதிப்பெண் போடும். எண்ணெய்ப்பசையுள்ள பகுதி எண்ணெய்ப்பசையுள்ள பகுதியோடு சேர்கிறதா, ஹைட்ரஜன் பிணைப்பு அமைகிறதா, அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றனவா, இதெல்லாம் அந்த மதிப்பெண்ணில் வரும். இதற்குப் பெயர் டாக்கிங். 1982இல் கலிஃபோர்னியாவில் குன்ட்ஸ் என்பவரின் குழு முதல் நிரலை எழுதியது; இன்று உலகம் முழுக்க அதிகம் ஓடுவது ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிலையத்திலிருந்து 2010இல் வந்த ஆட்டோடாக் வைனா.

நீங்கள் படித்த காலத்தில் பூட்டும் சாவியும் என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எமில் ஃபிஷர் 1894இல் சொன்னது அது. 1958இல் கோஷ்லண்ட், நொதியும் வளைந்துகொடுக்கிறது என்று திருத்தினார். வேடிக்கை என்னவென்றால், சாதாரண டாக்கிங்கில் நொதியை அசையாமல்தான் வைக்கிறார்கள், ஏனென்றால் அதையும் அசையவிட்டால் கணக்கு கட்டுக்கடங்காமல் போய்விடும். அசைவைப் பார்க்க வேண்டுமானால் அடுத்த படியாக மூலக்கூறு இயக்கவியல் என்ற சிமுலேஷன் ஓட்ட வேண்டும். ஒவ்வோர் அணுமீதும் என்ன விசை இருக்கிறது என்று பார்த்து, ஒரு நொடியில் ஆயிரம் லட்சம் கோடியில் இரண்டு பங்கு நேரத்துக்கு நகர்த்தி, மறுபடி விசையைக் கணக்கிட்டு, மறுபடி நகர்த்தி... நூறு நானோநொடி பார்க்க ஐந்து கோடி தடவை இதைச் செய்ய வேண்டும்.

இந்த இரண்டிலும் ஒரு பிணைப்புகூட உடையாது. வேதிவினையே நடக்காது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

ஈரோட்டிலிருந்து முதுநிலை மாணவி: என் புராஜெக்டில் பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவின் லாக்கேஸ் நொதியோடு சில மாசுப்பொருட்களை டாக் செய்தேன். பென்சோபைரீனுக்கு மைனஸ் 9.4 கிலோகலோரி, 2,6-டைமீத்தாக்ஸிபீனாலுக்கு மைனஸ் 5.5 வந்தது. "லாக்கேஸ் பென்சோபைரீனை மிகத் திறமையாகச் சிதைக்கிறது" என்று முடிவுரையில் எழுதலாமா?

எழுத வேண்டாம் அம்மா. கைடு எழுதச் சொன்னாலும், அடுத்த பத்தியைக் காட்டிக் கேளுங்கள்.

இந்த மதிப்பெண்ணில் மைனஸ் எண் பெரிதாக ஆக, பொருத்தம் வலுவானது என்று கணக்கு. முதலில் அணுக்களை எண்ணுங்கள். ஹைட்ரஜனை விட்டுவிட்டால் பென்சோபைரீனில் 20 அணுக்கள், டைமீத்தாக்ஸிபீனாலில் 11. வைனாவின் மதிப்பெண் ஒவ்வொரு தொடர்பையும் கூட்டிக்கொண்டே போவது, அதனால் மூலக்கூறு பெரிதாக ஆக மதிப்பெண்ணும் தானாகவே ஏறும். 9.4ஐ 20ஆல் வகுத்தால் 0.47. 5.5ஐ 11ஆல் வகுத்தால் 0.50. பார்த்தீர்களா, அணுவுக்கு இவ்வளவு என்று பார்த்தால் சின்னதுதான் ஒரு இழை முன்னால் நிற்கிறது. இந்த டைமீத்தாக்ஸிபீனால் வேறு யாருமில்லை, லாக்கேஸ் வேலை செய்கிறதா என்று பார்க்க ஆய்வகங்களில் வழக்கமாக எடுக்கும் சோதனைப் பொருள். உண்மையில் நன்றாக வினைபுரியும் பொருளுக்குக் குறைந்த மதிப்பெண் வந்திருக்கிறது என்றால், அந்த மதிப்பெண் வினையைச் சொல்லவில்லை என்பதற்கு உங்கள் அட்டவணையே சாட்சி. இதை மறைக்காமல் எழுதினால் உங்கள் புராஜெக்டின் தரம் கூடும்.

இரண்டாவது, பிழையின் அளவு. அறை வெப்பநிலையில் சுமார் 1.4 கிலோகலோரி வித்தியாசம் என்றால் பிணையும் வலிமையில் பத்து மடங்கு வித்தியாசம். வைனாவை உருவாக்கியவர்களே தங்கள் கட்டுரையில் தந்திருக்கும் திட்டப்பிழை சுமார் 2.85 கிலோகலோரி. அதாவது நூறு மடங்குக்கு மேல். மைனஸ் 7.1ஐவிட மைனஸ் 7.4 சிறந்தது என்று வரிசைப்படுத்தி அட்டவணை போடுவதைப் பல ஆய்விதழ்களில் பார்க்கிறேன், அந்த வரிசைக்கு அர்த்தமே கிடையாது. இன்னொரு விஷயம், வைனா ஒவ்வொரு முறையும் தற்செயல் எண்ணிலிருந்து தேடலைத் தொடங்குகிறது. அதையே நாளைக்கு மறுபடி ஓட்டினால் கடைசித் தசமம் மாறலாம்.

மூன்றாவதுதான் முக்கியம். லாக்கேஸ் எப்படி வேலை செய்கிறது? அதில் நான்கு தாமிர அணுக்கள் இருக்கின்றன. குழிக்குப் பக்கத்திலுள்ள முதல் தாமிரம் மூலக்கூறிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கி, மற்ற மூன்றுக்கும் அனுப்ப, அங்கே ஆக்சிஜன் தண்ணீராகிறது. அந்தப் பிடுங்கும் வலிமையை வோல்ட்டில் அளக்கலாம். நீங்கள் எடுத்த பாக்டீரியா லாக்கேஸுக்கு அது சுமார் 0.5 வோல்ட், டிராமெட்டீஸ் காளானின் லாக்கேஸுக்கு 0.8க்குப் பக்கம். எலக்ட்ரானை விட்டுக்கொடுக்க அதிக வலிமை கேட்கிற மூலக்கூறு எவ்வளவு அழகாகக் குழிக்குள் உட்கார்ந்தாலும் இந்த நொதி அதைத் தொடப் போவதில்லை, அல்லது ரொம்ப மெதுவாகத்தான் தொடும். டாக்கிங் மென்பொருளுக்கு வோல்ட் என்றால் என்னவென்றே தெரியாது.

அப்புறம், என்ன செய்யலாம்? இந்த நொதியை, அதாவது காட்-ஏ என்ற லாக்கேஸை, ஏபிடிஎஸ் என்ற சோதனைப் பொருளோடு சேர்த்தே படிகமாக்கி அமைப்பைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், தரவு வங்கியில் கிடைக்கும். அதிலிருந்து ஏபிடிஎஸ்ஸை எடுத்துவிட்டு, நீங்களே மறுபடி டாக் செய்யுங்கள். படிகத்தில் இருந்த இடத்துக்கே, இரண்டு ஆங்ஸ்ட்ராமுக்குள் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்து கோடியில் ஒரு பங்கு), திரும்பி வந்தால் உங்கள் பெட்டியும் அமைப்பும் சரி. வரவில்லையென்றால் மற்ற முடிவுகளை எழுதுவதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள். லாக்கேஸ் தொடாது என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளையும் சேர்த்து டாக் செய்யுங்கள், அதற்கும் நல்ல மதிப்பெண் வந்தால் அதையும் எழுதுங்கள். முதல் தாமிரத்தைப் பிடித்திருக்கும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்திலிருந்து உங்கள் மூலக்கூறு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து போடுங்கள். முடிவுரையில் "பொருந்தக்கூடும், சோதித்துப் பார்க்கத் தகுந்தது" என்று எழுதினால் போதும். கல்லூரியில் நிறமாலைமானி இருந்தால், நொதியை வாங்கி ஒரு மதியம் செலவழித்து அந்தச் சோதனையையும் செய்துவிடலாமே.

மதுரையிலிருந்து ஒருவர்: இதற்கெல்லாம் பெரிய கணினி வேண்டுமா?

டாக்கிங்குக்கு வேண்டாம். வைனா இலவசம், சாதாரண லேப்டாப்பில் ஒரு மூலக்கூறுக்குச் சில நிமிடம். சிமுலேஷனுக்கு நல்ல கிராஃபிக்ஸ் அட்டை வேண்டும். வினை நடப்பதையே கணக்கிட வேண்டுமானால், குழியை மட்டும் குவாண்டம் கணக்காகவும் மீதியைச் சாதாரண விசைக் கணக்காகவும் பிரித்துச் செய்யும் முறை ஒன்று உண்டு, அதற்கு நிறையக் கணினி நேரமும், அதைவிட நிறைய அனுபவமும் வேண்டும். வார்ஷெலும் லெவிட்டும் 1976இல் இதைத் தொடங்கிவைத்தார்கள், 2013இல் கார்ப்ளஸோடு சேர்த்து நோபல் கிடைத்தது.

நாகர்கோவிலிலிருந்து வேதியியல் ஆசிரியர்: நொதியின் குழிக்குள் நன்றாக ஒட்டிக்கொண்டால் வினை நடந்துதானே ஆக வேண்டும்? ஒட்டியும் சிதையாது என்பதற்கு ஒரு உருப்படியான உதாரணம் தர முடியுமா?

தருகிறேன், நம் வயல்களிலேயே கொட்டிய பொருளை வைத்தே. பி.எச்.சி. பவுடர் நினைவிருக்கிறதா? எறும்புக்கும் பூச்சிக்கும் வீட்டிலும் வயலிலும் தூவினார்கள். இந்தியாவில் 1997இல் தடைசெய்தார்கள். அதன் சரியான பெயர் ஹெக்ஸாகுளோரோசைக்ளோஹெக்ஸேன். ஆறு கார்பன் வளையம், ஒவ்வொரு கார்பனிலும் ஒரு குளோரின். அந்தக் குளோரின்கள் மேலே கீழே எப்படி நிற்கின்றன என்பதைப் பொறுத்து ஆல்ஃபா, பீட்டா, காமா என்று பல வடிவங்கள். பூச்சியைக் கொல்வது காமா, அதுதான் லிண்டேன். லிண்டேனைத் தனியாகப் பிரித்தெடுத்தபோது ஒரு டன்னுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு டன் வரை மற்ற வடிவங்கள் கழிவாக வந்தன, லக்னோவுக்குப் பக்கத்தில் உம்மரி கிராமத்தில் அப்படிக் கொட்டிய கிடங்கு இன்னும் ஆய்வுக்குள்ளாகிக்கொண்டிருக்கிறது.

இந்த விஷத்தை உண்டு வாழும் பாக்டீரியாக்கள் வந்துவிட்டன என்பதுதான் ஆச்சரியம். ஜப்பானில் ஸ்ஃபிங்கோபியம் ஜப்பானிக்கம், இந்தியாவில் கரும்பு வேரடி மண்ணிலிருந்து எடுத்த ஸ்ஃபிங்கோபியம் இண்டிக்கம். டெல்லி பல்கலைக்கழகத்தில் ரூப் லால் குழு இதில் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறது. இவற்றின் முதல் நொதி லின்-ஏ. அது என்ன செய்கிறது என்றால், 73ஆம் இடத்திலுள்ள ஹிஸ்டிடின் ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது, அதே நேரத்தில் பக்கத்துக் கார்பனிலுள்ள குளோரின் எதிர்ப்பக்கமாகக் கழன்றுபோகிறது.

இங்கேதான் நீங்கள் வகுப்பில் நடத்தும் நாற்காலி வடிவம் வருகிறது, அதாவது வளையம் தட்டையாக இல்லாமல் நாற்காலி போல மடிந்திருப்பது. இந்த வினைக்கு அந்த ஹைட்ரஜனும் குளோரினும் வளையத்துக்குச் செங்குத்தாக, ஒன்று மேலே ஒன்று கீழே நிற்க வேண்டும். காமாவில் மூன்று குளோரின் செங்குத்தாக நிற்கின்றன, ஆகவே ஜோடி கிடைக்கிறது. பீட்டாவில் ஆறு குளோரினும் பக்கவாட்டில் விரிந்து கிடக்கின்றன. ஒன்றுகூடச் செங்குத்தாக இல்லை. ஆகவே லின்-ஏ அதை ஒன்றும் செய்வதில்லை. மூலக்கூறு வாய்பாடு ஒன்று, எடை ஒன்று, அளவு கிட்டத்தட்ட ஒன்று. டாக்கிங் மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஒன்று சில நிமிடங்களில் உடைகிறது, இன்னொன்று உடலின் கொழுப்பிலும் தாய்ப்பாலிலும் ஆண்டுக்கணக்காகத் தங்குகிறது. வடிவங்களிலேயே பிடிவாதமானது பீட்டாதான்.

ஆகவே டாக்கிங் படத்தைப் பார்க்கும்போது மதிப்பெண்ணை ஓரமாக வைத்துவிட்டு, வினைக்கு வேண்டிய அணு வினை செய்யும் அணுவுக்கு எதிரே, சரியான தூரத்தில், சரியான கோணத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று ஆங்ஸ்ட்ராம் பக்கம் இருந்தால் நம்பிக்கை வைக்கலாம், ஆறு இருந்தால் வேண்டாம். பீட்டாவுக்கு வேறு வழி உண்டா என்றால் உண்டு: லின்-பி என்ற இரண்டாவது நொதி, செங்குத்து ஜோடி எதுவும் கேட்காமல், தண்ணீரைக் கொண்டு குளோரினை மாற்றுகிறது. இந்திய பாக்டீரியாவின் லின்-பி பீட்டாவில் இரண்டு குளோரின் வரை எடுக்கிறது. முழுதாகச் சிதைப்பது வேறு கதை, அது இன்னும் முடியவில்லை.

திருப்பூரிலிருந்து சாயப்பட்டறை மேற்பார்வையாளர்: எங்கள் சாயக்கழிவுக்கு ஏற்ற பாக்டீரியாவைக் கணினியிலேயே தேர்ந்தெடுத்துத் தர முடியுமா? ஒரு கம்பெனிக்காரர் நொதி படம் எல்லாம் காட்டி, பவுடர் விற்க வந்தார்.

வாங்குவதற்கு முன் அவரிடம் நான்கு விஷயம் கேளுங்கள்.

ஒன்று, நிறம் போன பிறகு மிச்சம் என்ன என்று. அசோ சாயங்களில் இரண்டு நைட்ரஜன் சேர்ந்த இரட்டைப் பிணைப்புதான் நிறம் தருகிறது. அசோரிடக்டேஸ் நொதி அதை வெட்டினால் தண்ணீர் தெளிந்துவிடும், ஆனால் வெட்டிய துண்டுகள் அரோமேட்டிக் அமைன்கள். அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்குபவை; ஐரோப்பாவுக்குத் துணி அனுப்பும் உங்களுக்கு அந்த 22 தடைசெய்யப்பட்ட அமைன்களின் பட்டியல் நன்றாகவே தெரியும். அமைனைச் சிதைக்க ஆக்சிஜன் உள்ள இன்னொரு கட்டம் வேண்டும். அது இல்லாமல் தெளிந்த தண்ணீரைக் காட்டினால் நம்பாதீர்கள்.

இரண்டு, சாயம் நொதியிடம் எப்படிப் போய்ச் சேரும் என்று. இந்த நொதி பாக்டீரியாவின் செல்லுக்குள் இருக்கிறது. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்கள் பெரியவை, சல்ஃபோனேட் குழுக்களால் எதிர்மின்சுமை கொண்டவை, செல் சவ்வைத் தாண்டி உள்ளே போவது கடினம். டாக்கிங்கில் சவ்வு கிடையாது, மூலக்கூறை நேராகக் குழிக்குள் வைத்துவிடுகிறோம்.

மூன்றாவது கொஞ்சம் நுணுக்கமானது, ஆனால் படத்தைப் பார்த்தே நீங்கள் கண்டுபிடித்துவிடலாம். அசோரிடக்டேஸ் வேலை செய்ய அதற்குள் எஃப்எம்என் என்ற மஞ்சள் நிறத் துணைப்பொருள் இருக்க வேண்டும், எலக்ட்ரானைத் தருவதே அதுதான். டாக்கிங்குக்கு முன் புரதத்தைச் "சுத்தம்" செய்யும்போது பலர் தண்ணீரோடு சேர்த்து அதையும் நீக்கிவிடுகிறார்கள். பிறகு சாயம் காலியான அந்த இடத்திலேயே போய் உட்கார்ந்துகொள்ளும், மதிப்பெண்ணும் அபாரமாக வரும். அவர் காட்டிய படத்தில் எஃப்எம்என் எங்கே என்று கேளுங்கள்.

நான்காவது உப்பு. உங்கள் ஊரில் பிரச்சினை நிறம் மட்டும் இல்லை என்பது நொய்யல் கரைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரத்துப்பாளையம் அணை நிறைந்தது உப்பாலும்தான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது. எந்த நொதியும் உப்பை எடுக்காது. நொதியே அவ்வளவு உப்பிலும் சூட்டிலும் தாக்குப்பிடிக்குமா என்பதை உங்கள் பட்டறைத் தண்ணீரை ஒரு வாளி எடுத்துச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் மேலே பேசலாம்.

சென்னையிலிருந்து ஒரு பொறியாளர்: நீங்கள் சொல்வதையெல்லாம் கேட்டால் கணினியால் எந்தப் பயனும் இல்லை போலிருக்கிறதே?

இல்லை இல்லை, அப்படிப் புரிந்துகொள்ள வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஒன்று இருக்கிறது, செக் நாட்டின் ப்ர்னோ நகரில் டாம்போர்ஸ்கி குழு செய்தது.

1,2,3-டிரைகுளோரோபுரோப்பேன் என்று ஒரு திரவம். கரைப்பானாகவும், வேறு ரசாயனங்கள் செய்யும்போது துணைப்பொருளாகவும் வந்தது, மண்ணில் அடித்த சில புகைமருந்துகளிலும் கலந்திருந்தது. கலிஃபோர்னியாவில் நிலத்தடி நீரில் இறங்கிவிட்டது. 2017இல் அங்கே குடிநீருக்கு லிட்டருக்கு 5 நானோகிராம் என்று வரம்பு வைத்தார்கள், அவ்வளவு அச்சம். மனிதன் செய்த பொருள், இயற்கை பாக்டீரியா எதுவும் ஆக்சிஜன் உள்ள இடத்தில் அதை உண்டு வளர்வதாகக் கண்டதில்லை. ரோடோகாக்கஸ் பாக்டீரியாவின் டிஎச்ஏ-ஏ என்ற நொதி மட்டும் அதை மிக மெதுவாகத் தொட்டது.

அந்த நொதியின் செயல்தளம் புரதத்தின் ஆழத்தில் புதைந்திருக்கிறது, வெளியிலிருந்து போகக் குறுகலான சுரங்கவழிகள் இருக்கின்றன. இந்தக் குழு டாக்கிங் மதிப்பெண்ணைத் துரத்தவில்லை. வினையில் உண்டாகும் பொருள் எந்தச் சுரங்கம் வழியாக வெளியேறுகிறது என்று சிமுலேஷனில் பார்த்தார்கள், சுரங்கச் சுவரில் எந்த அமினோ அமிலங்கள் முக்கியம் என்று குறித்தார்கள். பிறகு ஆய்வகத்துக்குப் போய் அந்த இடங்களை மட்டும் விதவிதமாக மாற்றி, ஆயிரக்கணக்கான மாதிரிகளைச் சோதித்தார்கள். கிடைத்த மிகச் சிறந்த நொதியில் சுரங்கம் அகலமாகவில்லை, குறுகியிருந்தது! பெரிய பக்கச்சங்கிலிகள் வந்து வழியை அடைத்திருந்தன. வழி அடைபட்டதால் செயல்தளத்துக்குள் தண்ணீர் குறைந்து, மூலக்கூறு 106ஆம் இடத்து ஆஸ்பார்ட்டிக் அமிலத்துக்கு எதிரே சரியான நிலையில் நிற்பது எளிதாகிவிட்டது. வேகம் 32 மடங்கு கூடியது. 2009இல் வெளியிட்டார்கள். 2014இல் நெதர்லாந்தின் யான்சன் குழுவோடு சேர்ந்து, இந்த நொதியைச் சூடோமோனாஸ் புட்டிடா பாக்டீரியாவில் வைத்து, அந்தத் திரவத்தையே உணவாகக் கொண்டு வளரச் செய்தார்கள்.

முந்நூறுக்குப் பக்கம் அமினோ அமிலங்கள் உள்ள புரதத்தில் எங்கே கைவைப்பது என்று சொல்லியது கணினி. எதை வைப்பது என்று சொல்லியது ஆய்வகம். வேலையை இப்படிப் பிரித்துக்கொண்டால் கணினி தங்கமான கருவி.

திருநெல்வேலியிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்: பிளாஸ்டிக்கைத் தின்னும் பாக்டீரியா வந்துவிட்டது என்று படித்தேன். ஆனாலும் எங்கள் தெருவில் பாட்டில் குவிந்துதான் கிடக்கிறது. ஏன்?

தம்பி, 2016இல் ஜப்பானின் சக்காய் நகரில், பாட்டில் மறுசுழற்சி நடக்கும் இடத்திலிருந்து ஐடியோனெல்லா சக்காயென்சிஸ் என்ற பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக்கை அது உடைக்கிறது, உண்மைதான். ஆனால் 30 டிகிரியில் ஒரு மெல்லிய படலத்துக்கே ஆறு வாரம். அதுவும் இழைகள் ஒழுங்கில்லாமல் கிடக்கும் மென்மையான படலம். உங்கள் தெரு பாட்டிலில் இழைகள் நெருக்கி அடுக்கி இறுகியிருக்கும், நொதியால் அதற்குள் கைவைக்க முடிவதில்லை.

கணினி இங்கேயும் வந்தது, பாடமும் கற்றுக்கொடுத்தது. 2018இல் அமெரிக்க, பிரிட்டன் ஆய்வாளர்கள் இந்த நொதியின் அமைப்பை 0.92 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் எடுத்து, நான்கு அலகு நீளமுள்ள பெட் துண்டை டாக் செய்தார்கள். பழைய உறவுக்கார நொதிகளைவிட இதன் பள்ளம் அகலம், அகலம்தான் பெட்டுக்கு வசதி என்று நினைத்து, சரிபார்க்க இரண்டு இடங்களை மாற்றிப் பள்ளத்தைக் குறுக்கினார்கள். வேகம் குறையும் என்று எதிர்பார்த்தது கூடிவிட்டது. இயற்கை இன்னும் முடிக்காத நொதி அது என்று தெரிந்தது. பிறகு 2020இல் பிரான்சின் கார்பியோஸ் நிறுவனத்தார் இலைமக்கு உரத்திலிருந்து கிடைத்த வேறொரு நொதியை மேம்படுத்தி, 72 டிகிரியில் 10 மணி நேரத்தில் 90 சதவீதம் உடைத்துக் காட்டினார்கள். 2022இல் டெக்சாஸில் இயந்திரக் கற்றலைக் கொண்டு மாற்றிய நொதி, 50 டிகிரியில் 51 வகை பிளாஸ்டிக் பெட்டிகளை ஒரு வாரத்தில் கிட்டத்தட்ட முழுதாகக் கரைத்தது. எல்லாம் தொட்டிக்குள், சூட்டில், கட்டுப்பாட்டில். பாட்டில் அந்தத் தொட்டிவரை போய்ச் சேர யாராவது அதைப் பொறுக்கிப் பிரித்துக் கொடுக்க வேண்டும், உங்கள் தெருவில் நடக்காதது அதுதான்.

பெங்களூரிலிருந்து ஒரு வாசகர்: ஆல்ஃபாஃபோல்டு வந்துவிட்டதே, இனி படிகம் எதற்கு?

ஆல்ஃபாஃபோல்டு என்பது புரதத்தின் அமைப்பைக் கணினியிலேயே கணித்துச் சொல்லும் செயற்கை நுண்ணறிவு நிரல். இருபது கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் கணித்த அமைப்பு இலவசமாகக் கிடைக்கிறது, 2024இல் நோபலும் வந்தது, மாசு சிதைக்கும் பாக்டீரியாக்களைத் தேடுபவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் அந்தத் தரவுத்தளத்தில் இருப்பவை வெறும் புரதங்கள். துத்தநாகம், தாமிரம், எஃப்எம்என் எதுவும் இருக்காது, நீங்கள்தான் வைக்க வேண்டும். 2024இல் வந்த மூன்றாம் பதிப்பு துணைப்பொருளையும் சேர்த்துக் கணிக்கிறது. நான் செய்வது இது: அமைப்பைத் திறந்தவுடன் செயல்தளத்தில் நம்பக அளவு எவ்வளவு என்று பார்ப்பேன், குறைவாக இருந்தால் அதில் டாக்கிங் செய்ய மாட்டேன்.

தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து ஒரு விவசாயி: பூச்சிமருந்தைச் சிதைக்கிற கிருமி வயல் மண்ணிலேயே இருக்கிறதாமே? ஸ்பிரேயர் கழுவிய தண்ணீரில் கலந்துவிட ஏதாவது கிடைக்குமா?

இருக்கிறது ஐயா. 1973இல் பிலிப்பைன்ஸ் நாட்டு நெல்வயல் மண்ணிலிருந்து, டயாசினானையும் பாரத்தியானையும் சிதைக்கும் பாக்டீரியாவைப் பிரித்து வெளியிட்டவர் சேதுநாதன் என்ற இந்திய அறிவியலாளர், யோஷிடாவோடு சேர்ந்து. அதன் நொதியில் இரண்டு துத்தநாக அணுக்கள், அவற்றுக்கு நடுவே தண்ணீரிலிருந்து வந்த ஒரு ஹைட்ராக்சைடு. அந்த ஹைட்ராக்சைடுதான் மருந்தின் பாஸ்பரஸைத் தாக்கி உடைக்கிறது. பாரத்தியானிலிருந்து உண்டாகும் பாராக்சானை இது உடைக்கும் வேகம், இரண்டும் தண்ணீரில் சந்தித்துக்கொள்ளும் வேகத்தையே எட்டிப்பிடிக்கிறது. இந்த மருந்துகள் உலகத்துக்கு வந்து சில பத்தாண்டுகளே ஆகியிருந்தபோது மண்ணில் இப்படி ஒரு நொதி இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. (மாணவர்களுக்கு: டாக்கிங்குக்கு முன் "எல்லாத் தண்ணீரையும் நீக்கு" என்று கொடுத்தால் தாக்குகிற அந்த ஹைட்ராக்சைடும் போய்விடும். துத்தநாகத்தின் மின்சுமையையும் வைனா கணக்கில் எடுப்பதில்லை, துத்தநாகத்துக்கென்றே ஆட்டோடாக்கில் தனி அளவீடுகள் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள்.)

ஆஸ்திரேலியாவில் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனம் இதே குடும்பத்து நொதி ஒன்றை லேண்ட்கார்ட் என்ற பெயரில் பவுடராகவே கொண்டுவந்தது, மருந்து கலந்த கழிவுநீரில் போடுவதற்கு. ஆனால் இது ஆர்கனோபாஸ்பேட் என்ற, பாஸ்பரஸ் கொண்ட மருந்து வகைக்கு மட்டும், அந்த வகையிலும் எல்லா மருந்தையும் ஒரே வேகத்தில் உடைக்காது, குளோர்பைரிஃபாஸைப் பல மடங்கு மெதுவாகத்தான் உடைக்கும். நீங்கள் இப்போது அடிக்கும் மருந்து எந்த வகை என்று டப்பாவைப் பாருங்கள். பழைய டயாசினானும் மெத்தில் பாரத்தியானும் 2018 ஆணைப்படி இங்கே தடையாகிவிட்டன. இப்போதைக்கு ஸ்பிரேயரை மூன்று தடவை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு அலசி, அந்தத் தண்ணீரை மருந்தடித்த அதே வயலில் பரவலாக அடித்துவிடுங்கள். வாய்க்காலிலோ கிணற்றடியிலோ ஊற்ற வேண்டாம்.